சீகிரியாவைத் தெற்கே நகர்த்தியவர்

சீகிரியாவில் எல்லோரும் காசியப்பனைத் தேடுவார்கள். எனக்கு அங்கே நினைவு வருபவர் ஆர்தர் சி. கிளார்க்.

1917இல் இங்கிலாந்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் விமானப்படையின் ராடார் பிரிவில் வேலை. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதும் தொடர்புகொள்ளலாம் என்று 1945இல் எழுதினார். 1956இல் இலங்கைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். 1979இல் வெளிவந்த அவரது நாவலில் சீகிரியாதான் யக்ககல. விண்ணுக்கு மின்தூக்கி கட்டப் பூமத்திய ரேகை வேண்டும் என்பதால், கதையில் முழுத் தீவையும் 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளிவிட்டார்!

செய்மதி வழி அழைப்பில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே அரை நொடி விழும். வெளிநாட்டு உறவுகளோடு கதைத்த எங்கள் வீடுகளுக்கு அந்த இடைவெளி பழக்கம். இருவரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிறுத்துவோம். ஒளியிழை அதைப் பெருமளவு போக்கியது. தலைமயிர் அளவுக் கண்ணாடி இழை அது. நடுக் கண்ணாடியில் ஒளி சற்று மெதுவாகவும், அதைச் சுற்றிய கண்ணாடியில் சற்று வேகமாகவும் செல்லும். அதனால் சரிவாகப் படும் ஒளி வெளியேறாமல் உள்ளேயே தெறித்துத் தெறித்து ஓடும். 1988இல் அத்திலாந்திக்கின் அடியில் அத்தகைய கேபிள் இயங்கத் தொடங்கியது. செய்மதியை முன்னுரைத்தவரே 1992இல் கேபிள்களின் கதையையும் நூலாக்கினார். எனக்கு அவரில் பிடித்தது அதுதான்.

2007 டிசம்பரில், 90ஆவது பிறந்தநாளில், அவர் சொன்ன மூன்று ஆசைகளில் ஒன்று இலங்கையில் நிலையான சமாதானம். 2008 மார்ச் 19இல் கொழும்பில் இறந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்த சில குரல்கள் செய்மதித் தொலைபேசி வழியாகத்தான் வந்தன.