நாடகக் கலைஞர் விசுவநாததாசர்

மாலைப் பொழுதில் வானொலிப் பெட்டியைத் திருப்பினால் நாடகமும் இலக்கியப் பேச்சும் பழம்பாட்டும் அடுத்தடுத்து நம் செவியில் வந்து விழுகின்றன. சென்னை வானொலி நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தோன்றின. அதற்கு முன்னர் டி. கல்லுப்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழ்ந்த மக்கட்கு இம்மூன்றையும் ஓரிரவில் ஒருங்கே வழங்கியது நாடகக் கொட்டகையேயாம். அக்கொட்டகையில் ஓங்கி ஒலித்த குரல்களுள் தலையாயது, கல்லுப்பட்டிக்கு அணித்தாகிய திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாசரது குரல்.

இவர் 1886-ஆம் ஆண்டு சிவகாசியிற் பிறந்தவர்; இளமையிலேயே பாட்டில் மனம் பற்றி மேடையேறினார்.

அக்காலத்து ஸ்பெஷல் நாடகத்தின் இயல்பை இன்றைய மாணவர் பலர் அறியார். நடிகர்கள் வெவ்வேறு ஊர்களினின்றும் தனித்தனியே அழைக்கப்பெற்று வருவர். கூடி ஒத்திகை பார்த்தல் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய பாடல்களும் உரையாடல்களும் யாவர்க்கும் மனப்பாடம்; ஆதலின் மேடையிற் சந்தித்த அளவிலே நாடகம் நடைபெறும். ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க, விடியுமட்டும் பாட்டு நிகழும். இடையிடையே தர்க்கம் என்னும் சொற்போரும் எழும். கல்லாதவரும் அதனைக் கேட்டு நூற்பொருள் பல உணர்ந்தனர். கல்லூரி வகுப்பிலும் அத்துணை விழிப்போடு கேட்பாரை யாம் காண்டல் அரிது!

வள்ளி திருமணத்தில் தாசர் முருகனாக வருவார். தினைப்புனத்திற் பறவை கடியும் வள்ளியின் கதையில், வெள்ளைக் கொக்கினைப் பற்றிய ஒரு பாட்டினை அவர் பாடுவார். அது மதுரை பாஸ்கரதாஸ் இயற்றியது. கொக்கு எது, அது கொத்திச் செல்லும் இரை எவருடையது என்பதனை அவையோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காவற்றுறையினர்க்கும் அது விளங்கிற்று. அரசினர் கைப்பட்ட வானொலியில் அத்தகைய பாட்டுக்கு இடம் ஏது? தாசர் பன்முறை சிறை சென்றார். மீண்ட பின்னரும் அப்பாட்டினைக் கைவிட்டாரில்லை.

சிறையினும் கொடியதொன்றையும் அவர் பொறுத்தார். மருத்துவர் என்றும் நாவிதர் என்றும் வழங்கப்பெறும் குலத்தில் தோன்றியவராதலின், அவரோடு உடன் நடிக்க நடிகையர் பலர் மறுத்தனர். மேடையில் அவரை முருகனாகக் கண்டு கைகூப்பிய கூட்டத்தில், வேடங் களைந்த பின் அவரோடு ஒரு திண்ணையில் அமர ஒருப்பட்டோர் எத்துணையர்? இவ்வினாவை எழுப்பாது மேற்செல்ல எம்மால் இயலவில்லை. தேசத்தின் விடுதலையை அவர் வாயிலாகக் கேட்டு ஆர்ப்பரித்தோருட் பலர், அவர்க்கு உரிய மதிப்பினைத் தாம் கொடுக்க வேண்டும் என்பதனை எண்ணினாரல்லர். தாசரோ குலத்தை மறைத்தாருமில்லை. மேடையை விட்டு அகன்றாருமில்லை.

1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்தது. மயிலின்மீது முருகனாய் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே தாசரின் ஆவி பிரிந்தது. அப்பொழுது அவர்க்கு அகவை 54. அரசினர் அவர் பெயரால் அமைத்த நினைவில்லம் திருமங்கலத்தில் உளது. கல்லுப்பட்டியினின்றும் மதுரைக்குச் செல்லும் நம் மாணவர் அவ்வூரின் வழியாகவே செல்கின்றனர்.