குயிலின் பெயர் பூண்ட கவிஞர்

ஹைக்கூ எழுதும் தமிழ்க் கவிஞர்கள் பாஷோ, பூசோன், இஸ்ஸா, ஷிகி என்று நால்வரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். முதல் மூவரையும் போற்றும் அளவுக்கு நான்காமவரின் வாழ்வு இங்கே பேசப்படவில்லை. பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோது, ஷிகி மறைந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கூடிக் கவிதை படிப்பதையும் போட்டி நடத்துவதையும் பணியாகக் கொண்ட இலக்கிய வட்டத்தார் அவசியம் அறியவேண்டிய வாழ்வு அவருடையது.

மசவோகா ஷிகி, ஜப்பானின் ஷிகோகு தீவிலுள்ள மட்சுயாமா நகரில் 1867இல் எளிய சாமுராய்க் குடும்பமொன்றில் பிறந்தார். இயற்பெயர் சுனெனோரி. ஐந்து வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். தாய்வழிப் பாட்டனாரிடம் சீன இலக்கியம் பயின்றார். 1883இல் டோக்கியோ சென்றார். 1889இல், இருபத்தொன்றாம் அகவையில், இருமலோடு இரத்தம் வெளிப்பட்டது; காசநோய் பற்றிக்கொண்டது. இரத்தம் கக்கும்வரை பாடும் என்று ஜப்பானியர் நம்பும் ஒருவகைக் குயிலின் பெயரையே அப்போது புனைபெயராகச் சூடிக்கொண்டார். ஷிகி என்பது அப்பெயரே.

1892இல் ‘நிப்பொன்’ நாளிதழில் பணியேற்றார். பல்கலைக்கழகப் படிப்பைக் கைவிட்டார். அந்நாளில் ஹைக்கூ பெரிதும் பொழுதுபோக்கு வாணிகமாகத் தாழ்ந்திருந்தது. ஆசான்கள் மாதந்தோறும் போட்டி அறிவிப்பர். கட்டணத்தோடு பாக்கள் வந்து குவியும். ஆசான் மதிப்பிட்டுப் பரிசளிப்பார். ஆகவே, கண்டதையும் உணர்ந்ததையும் விடுத்து, ஆசானின் சுவைக்கேற்ப எழுதுவோர் பெருகினர். ஷிகி இப்போக்கைக் கடுமையாகச் சாடினார். தெய்வமாக வணங்கப்பட்ட பாஷோவின் பாக்களிலும் பெரும்பாலானவை சிறந்தவை அல்ல என்று 1893இல் துணிந்து எழுதினார். கண்ட காட்சியை உள்ளவாறு தீட்டுவதே கவிதைக்கு வழி என்றார். ஹைக்கூ என்னும் பெயரை நிலைபெறச் செய்தவரும் அவரே.

போட்டிக்கு மாற்றாக அவர் வளர்த்தது கூக்காய் என்னும் கவிதை அவை. அம்முறை அவர் கண்டுபிடித்ததன்று. ஆயினும் அதற்கு உயிரூட்டியவர் அவர். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பாக்களைப் பெயரின்றித் துண்டுத்தாள்களில் எழுதித் தருவர். அவற்றைக் கலந்து, கையெழுத்தும் காட்டிக்கொடாதபடி பிறர் படியெடுப்பர். படிகள் அவையைச் சுற்றிவரும். அவரவர் தமக்குப் பிடித்தவற்றைத் தேர்ந்து படிப்பர். தேர்வு முடிந்த பின்னரே பாடியவர் பெயர் வெளிப்படும். ஆசானுக்கும் ஒரு தேர்வு. மாணவனுக்கும் ஒரு தேர்வு.

1895இல் சீனப் போர்முனைக்குச் செய்தியாளராகச் சென்று திரும்புகையில் கப்பலிலேயே மீண்டும் இரத்தம் கக்கினார். உடல் தேறச் சொந்த ஊர் சென்று, அங்கு ஆங்கில ஆசிரியராக இருந்த நண்பர் நட்சுமே சோசெகியுடன் ஐம்பத்திரண்டு நாள் தங்கினார். பள்ளி ஆசிரியர்கள் அமைத்த ஷோஃபூகாய் என்னும் உள்ளூர்க் குழுவினர் அங்கே திரண்டனர். நாள்தோறும் அவை கூடியது. கீழ்த்தளத்தில் எழுந்த ஆரவாரம் மேல்தளத்திலிருந்த சோசெகியையும் இழுத்துக்கொண்டது. பின்னாளின் மாபெரும் நாவலாசிரியர் அங்கே ஹைக்கூ பயிலும் மாணவரானார். அந்தச் சிற்றூர் ஆர்வமே 1897 ஜனவரியில் ‘ஹொதொதோகிசு’ என்னும் இதழாயிற்று. அதுவும் அக்குயிலின் பெயரே. முதல் இதழ் அச்சானது முந்நூறு படிகள்.

இதற்குள் நோய் முதுகெலும்பைத் தாக்கிவிட்டது. டோக்கியோவின் நெகிஷிப் பகுதியிலிருந்த சிறு வீட்டில் ஷிகி படுக்கையிலானார். தாயும் தங்கை ரிட்சுவும் பேணினர். அவை நிற்கவில்லை, நோயாளியின் படுக்கையைச் சுற்றியே கூடியது.

1900 செப்டம்பரில் அவ்வீட்டில் கூடிய அவையில், கோழிக்கொண்டைச் செடிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் எளிய பா ஒன்று சுற்றுக்கு வந்தது. அதைத் தேர்ந்தவர் மிகச் சிலரே. பாடியவரோ ஷிகி! முதன்மை மாணவர்களான கியோஷியும் ஹெகிகோதோவும் பின்னர் வெளியிட்ட தொகுப்பிலும் அதற்கு இடமில்லை. பிற்காலத்தில் நாகட்சுகா தகாஷி, சைட்டோ மோகிச்சி ஆகிய கவிஞர்கள் அதைப் போற்றினர். நெடிய விவாதத்துக்குப் பின் அது ஷிகியின் புகழ்பெற்ற பாக்களுள் ஒன்றாயிற்று.

அந்த அவையை வெறும் தோல்வியாகக் கருதுவதற்கில்லை. ஆசானின் வீட்டில், அவர் கண்முன்னே, அவர் பாவை ஒதுக்கும் உரிமை மாணவர்க்கு இருந்தது. அந்த உரிமையை வழங்கியவரும் அவரே. அதேவேளை, அவை ஒதுக்கியதாலேயே அப்பா மாய்ந்துவிடவும் இல்லை. பாடியவர் யாரென்று பாராமல் பாட்டையே பார்த்த நக்கீரரைக் கதையில் அறிந்த நமக்கு இது விளங்கும்.

1902 செப்டம்பர் 18ஆம் நாள், தங்கையும் ஹெகிகோதோவும் துணைநிற்க, சளிக்கு மருந்தாகும் பீர்க்கைப் பற்றி மூன்று பாக்கள் எழுதினார். மறுநாள் விடியுமுன் உயிர் பிரிந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் நிறைவுறாத வாழ்வு! மட்சுயாமாவில் 1998 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கான ஹைக்கூப் போட்டி நடைபெற்று வருகிறது.

போட்டியில் வென்ற பா எது என்பதைக் காலம் மாற்றி எழுதக்கூடும். அவை நேர்மையாகக் கூடியதா என்பதை மாற்ற இயலாது. பத்தாண்டு நிறைவு காணும் வட்டத்தார், ஒரு கூட்டத்திலேனும் பெயர் மறைத்துக் கவிதை படித்துப் பார்த்தல் நன்று. ஷிகிக்குச் செலுத்தும் தக்க நினைவஞ்சலியும் அதுவே.