வேலை போனது, இசை வந்தது!

1957-ம் ஆண்டு. டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் தம் ஜாஸ் கோஷ்டியிலிருந்து ஒருவரை வெளியே அனுப்பினார். போனவர் சாக்ஸபோன் கலைஞர், வயது 30. அவருடைய திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஹெராயினும் குடியும் அவரைப் பிடித்து ஆட்டின. மேடையில் நிற்கும்போதே கண் சொருகியது.

அவர்தான் ஜான் கோல்ட்ரேன். அன்று அவருக்கு எஞ்சியிருந்த ஆயுள் பத்தே ஆண்டுகள். அவர் பெயரை உலகம் இன்றும் சொல்லுகிறதென்றால், அதற்குக் காரணம் அந்தப் பத்து ஆண்டுகளின் இசைத்தட்டுகளே.

தையற்காரர் மகன்

கோல்ட்ரேன் 1926 செப்டம்பர் 23-ந் தேதி அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்து ஹாம்லெட் என்ற சிற்றூரில் பிறந்தார். கறுப்பின மக்களைச் சட்டமே ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. தந்தை தையற்காரர், பொழுது போக்காக வாத்தியமும் வாசிப்பார். தாயைப் பெற்ற தாத்தா பாதிரியார்.

சிறுவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது வீட்டின்மீது இடி விழுந்தது. சில மாதங்களுக்குள் தாத்தா, தந்தை, பாட்டி மூவரும் அடுத்தடுத்து மாண்டார்கள். தாய் வீட்டு வேலை செய்து பிழைக்க வேண்டியதாயிற்று. துயரத்தில் மூழ்கிய பையன் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டான்.

1943-ல் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தார். சர்க்கரை ஆலையில் கூலி வேலை; மற்ற நேரமெல்லாம் சாதகம். கடற்படையில் சிறிது காலம் இருந்து திரும்பியபின், டிஸ்ஸி கில்லெஸ்பி போன்ற பெரிய வித்வான்களின் கோஷ்டிகளில் இடம் கிடைத்தது. கூடவே போதைப் பழக்கமும் ஒட்டிக்கொண்டது.

தாய் வீட்டில் தவம்

வேலை போனதும் கோல்ட்ரேன் பிலடெல்பியாவில் தாய் வீட்டுக்குப் போனார். போதை மருந்தையும் குடியையும் ஒரே மூச்சில் நிறுத்தினார். உடல் பட்ட வேதனையைத் தாங்கிக்கொண்டு தேறினார். தம்மைக் காத்தது கடவுள் அருளே என்று அவர் நம்பினார். பிறரை இசையால் மகிழ்விக்கும் வரத்தை அப்போது வேண்டிக்கொண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார்.

அதன் பிறகு அவர் உழைத்த உழைப்பு அசாதாரணமானது. பியானோ மேதை தெலோனியஸ் மங்குடன் சேர்ந்து நியூயார்க்கில் இரவு இரவாக வாசித்தார். ‘புளூ டிரெயின்’ இசைத்தட்டும் 1957-லேயே பதிவாயிற்று. 1958-ல் மைல்ஸ் டேவிஸ் மீண்டும் சேர்த்துக்கொண்டார். 1959-ல் இருவரும் சேர்ந்து தந்ததுதான் ‘கைண்ட் ஆப் புளூ’. அதே ஆண்டு கோல்ட்ரேன் பதிவு செய்த ‘ஜெயன்ட் ஸ்டெப்ஸ்’ பாட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பியானோ கலைஞர் தடுமாறினார். அந்தத் தடுமாற்றத்தை இன்றும் இசைத்தட்டில் கேட்கலாம்!

நான்கே சுவரங்கள்

1964 டிசம்பர் 9-ந் தேதி தம் மூன்று சகாக்களுடன் அவர் பதிவு செய்த ‘ஏ லவ் சுப்ரீம்’ ஏறக்குறைய 33 நிமிஷ இசை. ஏழாண்டுகளுக்கு முன் செய்த வேண்டுதலுக்கு நன்றிக்கடன் அது. ஜாஸ் பழக்கமில்லாதவரும் அதைக் கேட்க வழி உண்டு. தொடக்கத்தில் பாஸ் வாத்தியத்தில் நான்கே சுவரங்கள் மீண்டும் மீண்டும் வரும். அதைப் பிடித்துக்கொண்டால் போதும். சாக்ஸபோன் அதையே சுருதி மாற்றி மாற்றி வாசிக்கும். பிறகு ஜபம்போலக் குரலிலும் ஒலிக்கும்.

கடைசிப் பகுதி இன்னும் விசேஷமானது. இசைத்தட்டின் உறையில் கோல்ட்ரேன் எழுதிய பிரார்த்தனை அச்சாகியிருந்தது. அதைத்தான் அசை அசையாக சாக்ஸபோனில் ஊதுகிறார். வாயால் சொல்லவில்லை, மூச்சால் சொல்லுகிறார். போதை பறித்துக்கொள்ள இருந்த மூச்சு அது என்பதை நினைத்துக் கேட்டால் மனம் உருகும்.

இந்திய உறவு

இந்திய சங்கீதத்தில் அவருக்கு மிகுந்த பற்று. 1961-ல் ‘இந்தியா’ என்ற பெயரிலேயே ஒன்றை வாசித்தார். சிதார் மேதை ரவிசங்கரைச் சந்தித்தார். 1965-ல் பிறந்த தம் மகனுக்கு ரவி என்று பெயரிட்டார். கடைசி ஆண்டுகளில் அவர் இசை மேலும் மேலும் கட்டுக்கடங்காமல் போயிற்று. பழைய ரசிகர்கள் பலர் திகைத்தார்கள். பழைய சகாக்கள் இருவர் விலகினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

1967 ஜூலை 17-ந் தேதி ஈரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 40. மனைவி ஆலிஸ் தாமும் ஓர் இசை மேதை. துயரத்தில் அவருக்கு ஆறுதல் தந்தவர் கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். குருவின் பெயர் தாங்கிய ஆலிஸின் இசைத்தட்டு 1971-ல் வந்தது. 2007-ல் கோல்ட்ரேனுக்குப் புலிட்சர் குழு சிறப்புப் பாராட்டு வழங்கியது.

தந்தை மறைந்தபோது ரவிக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தந்தையின் முகம் நினைவில் நிற்கும் வயதல்ல அது. ஆனால் தந்தையின் மூச்சு இசைத்தட்டுகளில் இருந்தது. ரவியும் வளர்ந்து சாக்ஸபோனையே கையில் எடுத்தார்!