பீட்டர் ஃபோர்ஸ்கோல்: இரு கடல்களின் கணக்கெடுத்தவர்

1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கப்பல்களுக்காக வெட்டிய அந்த வழியில் செங்கடல் உயிரினங்களும் மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்தன. இன்று அங்கே அவை நூற்றுக்கணக்கில் குடியேறியிருக்கின்றன. ஓர் உயிரினத்தைப் புதிதாக வந்தது என்று சொல்ல, முன்பு எது எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். கால்வாய்க்கு நூறாண்டுகளுக்கு முன்பே அந்தக் கணக்கைத் தொடங்கியவர் பீட்டர் ஃபோர்ஸ்கோல்.

1732-இல், அன்று சுவீடனின் ஆட்சியில் இருந்த ஹெல்சிங்கியில் பிறந்தார். உப்சாலாவில் லின்னேயஸின் மாணவர். 1759-இல் குடிமக்களின் சுதந்திரம் பற்றி இவர் வெளியிட்ட சிறுநூலை அரசு பறிமுதல் செய்தது.

டென்மார்க் மன்னர் ஐந்தாம் ஃபிரெடரிக் அரேபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக்குழுவில் இயற்கையியலாளராகச் சேர்ந்தார். டென்மார்க்கின் வசமிருந்த நம் தரங்கம்பாடி வழியாகச் செல்வதே முதல் திட்டம். பிறகு எகிப்து வழி முடிவாகி, 1761 ஜனவரியில் ஆறு பேர் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டனர்.

போகும் வழியில் மத்தியதரைக் கடலின் ஜெல்லி மீன்களை ஆராய்ந்தார். எகிப்தில் ஓராண்டு தங்கி, 1762-இல் சூயஸில் கப்பலேறிச் செங்கடல் வழியே ஏமன் சென்றார். மீனைப் பாதியாக அரிந்து, தோலை உலர்த்தி, செடிகளைப் பாதுகாப்பதுபோல் காகிதத்தில் ஒட்டிவைத்தார்.

1763 ஜூலையில் ஏமனின் யாரிம் நகரில் மலேரியா அவரைக் கொண்டுபோனது. வயது 31. ஆறு பேரில் உயிரோடு திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவர் மட்டுமே. நண்பரின் குறிப்புகளை அவர் 1775-இல் நூலாக்கினார். அவர் அந்தப் பொறுப்பை ஏற்காமல் போயிருந்தால் ஃபோர்ஸ்கோலின் உழைப்பு காகிதக் கட்டுகளோடு மறைந்திருக்கக்கூடும்.

அந்த நூலில் செங்கடலின் ஓரா மீன் வகை ஒன்று இருக்கிறது. நம் கடலிலும் உறவினர்கள் உள்ள மீன்தான். கால்வாயைக் கடந்த அது 1920-களில் மத்தியதரைக் கடலில் பதிவானது. பின்னால் வந்த இன்னொரு ஓரா வகையோடு சேர்ந்து, கிழக்குக் கரைகளில் பாசி அடர்ந்திருந்த பாறைகளைப் பல இடங்களில் மொட்டையாக்கிவிட்டது. பாசியை நம்பி வாழ்ந்த மற்ற உயிர்களுக்கும் இழப்பு.

ஃபோர்ஸ்கோல் ஒட்டிய மீன்களில் எஞ்சியவை கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கால்வாயை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார். ஆனால் அது என்ன செய்தது என்பதை அளக்க, அந்தக் காகிதங்களும் நமக்கு வேண்டியிருக்கின்றன.