தருமபுரியில் தாமஸ் மன்றோ: வேலை வாங்கித் தந்த மொழி

சென்னை தீவுத்திடல் பக்கம் போனால், அங்கவடி இல்லாத குதிரையில் ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான் சர் தாமஸ் மன்றோ. கவர்னர் சிலைதான். ஆனால், அவரது வாழ்க்கை திசை மாறியது தருமபுரியில்!

யார் இவர்?

1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். 1780-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர சென்னை வந்தார். அப்போது வயது 18. சம்பளம் குறைவு, பதவி உயர்வும் தாமதம். கிடைத்த நேரத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார்.

தருமபுரிக்கு ஏன் அனுப்பினார்கள்?

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் பகுதி கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்தான் அது. வரி வசூல் சிவில் அதிகாரிகளின் வேலை. ஆனால், சென்னையில் இருந்த பலருக்கு உள்ளூர் மொழிகளே தெரியாது. எல்லாம் துபாஷிகள் கையில். எனவே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், மொழி தெரிந்த ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக மன்றோ வந்தார்.

என்ன மாறியது?

ஏழு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார். நிலம் அளக்கப்பட்டது. ஜமீன்தார் இல்லாமல் விவசாயியிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் வேர்விட்டது.

அதற்காக வரி குறைந்துவிடவில்லை. சுமை கனமாகவே இருந்தது. பிறகு கடப்பை, பெல்லாரி பகுதிகளை நிர்வகித்த மன்றோ, 1807-ல் அங்கே நிலவரியை 25 சதவீதம் குறைக்கச் சொன்னார். மேலிடம் உடனே ஏற்கவில்லை.

1820-ல் சென்னை கவர்னரானார். 1827-ல் பத்திகொண்டாவில் காலராவுக்கு பலியானார்.