பொதுவழியைப் பொதுவாக்கியவர்

புனே நகரின் எரவாடாச் சிறைச்சாலையை நீங்கள் பேருந்தில் செல்லும்போது கண்டிருக்கலாம். 1932ஆம் ஆண்டு காந்தியடிகள் அங்கு உண்ணாநோன்பு இருந்தார். அந்நாள்களில் உருவானதே புனே ஒப்பந்தம். அதில் அண்ணல் அம்பேத்கருடன் தமிழர் சிலரும் கையொப்பமிட்டனர். அவர்களுள் மூத்தவர் எழுபது வயதைக் கடந்த இரட்டைமலை சீனிவாசன் ஆவார்.

செங்கல்பட்டுப் பகுதியில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் சீனிவாசன் பிறந்தார். அக்காலத்தில் அவர் பிறந்த சமூகத்தினர் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டனர். ஊர்ப் பொதுக்கிணற்றில் அவர்கள் நீர் எடுக்க இயலாது. சில தெருக்களில் நடக்கவும் இயலாது.

சீனிவாசன் கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். உடன் பயின்றோரிடம் நெருங்கிப் பழகினால், வீடு எங்கே, சாதி என்ன என்று கேட்டுவிடுவார்களோ என அஞ்சினார். ஆகவே பள்ளிக்கு வெளியே தனியே அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பிற்குள் நுழைவார். விளையாட வேண்டிய வயதில் விளையாட்டையே துறந்தார். கல்வியை மட்டும் அவர் துறக்கவில்லை.

பின்னர் நீலகிரியில் கணக்கர் பணி புரிந்து, 1890ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். 1893ஆம் ஆண்டு ஓர் இதழைத் தொடங்கினார். பிறர் இழிவாகக் கூறிவந்த தம் சமூகத்தின் பெயரையே அதற்குச் சூட்டி, 'பறையன்' என்று வெளியிட்டார். எந்தப் பெயரைச் சொல்ல இளமையில் அஞ்சினாரோ, அந்தப் பெயரே அவரது இதழின் முகப்பில் ஒளிர்ந்தது. 1900ஆம் ஆண்டு வரை அவ்விதழ் வெளிவந்தது.

அவ்வாண்டிலேயே அவர் கடல் கடந்து சென்றார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். தாய்மண்ணை விட்டு வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அங்கு வாழ்ந்தனர். அவர்கள் கூறுவதை நீதிபதிக்கும், நீதிபதி கூறுவதை அவர்களுக்கும் விளங்கவைப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமை. சட்டம் இருந்தாலும், அதை அறியாதவர்க்கு அது பயன்படாது என்பதை இப்பணியில் இருப்போர் நாள்தோறும் காண்பர்.

1921ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய சீனிவாசன், 1923ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டு அவர் அம்மன்றத்தில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுச்சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம். பொதுக்கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோரும் பிறரைப் போலவே பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். மன்றம் அதை ஏற்றது; அரசும் 1924 செப்டம்பரில் ஆணை பிறப்பித்தது. ஓர் ஆணையால் எல்லா ஊர்களும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆயினும், தடுக்கப்பட்டவர் இனி எவரிடமும் இரக்கம் வேண்டி நிற்கவேண்டியதில்லை. ஆணையைச் சுட்டிக்காட்டி உரிமை கேட்கலாம்.

1930ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கிய வட்டமேசை மாநாட்டில், அம்பேத்கரும் சீனிவாசனும் ஒடுக்கப்பட்டோரின் சார்பாளர்களாகப் பங்கேற்றனர். தனித்தொகுதி வேண்டும் என்ற அவர்களது கோரிக்கையை 1932ஆம் ஆண்டு ஆங்கில அரசு ஏற்றது. காந்தியடிகள் அதை எதிர்த்து எரவாடாவில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். செப்டம்பர் 24ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. தனித்தொகுதி கைவிடப்பட்டது, மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 30 சென்னை மாகாணத்திற்கு உரியவை. அரசுப் பணியில் அமர்த்தும்போது ஒருவரைப் பிறப்பைக் காட்டி விலக்கக்கூடாது என்பதும் அவ்வொப்பந்தத்தில் இடம்பெற்றது.

சீனிவாசன் 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார். விடுதலை பெற்ற நாட்டின் அரசமைப்புச் சட்டத்தைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. எனினும் அவர் 1924ஆம் ஆண்டு கேட்டவை அதில் உள்ளன. அதன் 15ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டிக் கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் எவரையும் தடுக்கக்கூடாது என்கிறது. 16ஆம் பிரிவு அரசுப் பணியில் சமவாய்ப்பு அளிக்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது.

மாணவர்களே! பிறந்த இடம் என்ற சொல்லை மீண்டும் ஒருமுறை படியுங்கள். தமிழ்நாட்டில் பிறந்து புனேயில் வாழும் உங்கள் பெற்றோருக்கும், பிற மாநிலங்களில் பிறந்து சென்னையில் உழைப்போருக்கும் அச்சொல் அரணாக நிற்கிறது. வகுப்பிற்கு வெளியே தனித்திருந்த சிறுவர் ஒருவர் வளர்ந்து கேட்ட உரிமை, இன்று நம் அனைவருக்கும் உரியது. உங்கள் வகுப்பில் எவரேனும் தனித்து அமர்ந்திருந்தால், அவரை விளையாட அழையுங்கள். அதற்குச் சட்டம் தேவையில்லை.

அருஞ்சொற்பொருள்
சாரம் – கருத்துச் சுருக்கம்
அரண் – பாதுகாப்பு
தாயகம் – பிறந்த நாடு

சிந்தித்து விடை எழுதுக
1. சீனிவாசன் மணி அடித்த பின்னரே வகுப்பிற்குள் நுழைந்தது ஏன்?
2. 1924ஆம் ஆண்டுத் தீர்மானத்திற்கும் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுக்கும் உள்ள ஒற்றுமைகள் யாவை?
3. இரக்கம் வேண்டுவதற்கும் உரிமை கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வரிகளில் எழுதுக.