கும்பகோணம் சென்ற கடிதங்கள்

கல்வியின் பொருட்டு வீட்டைப் பிரிந்து செல்லும் மாணவன், பெற்றோருக்கு எதை எழுதுகிறான், எதை எழுதாது விடுகிறான்? இவ்வினாவை மனத்திற்கொண்டு கணித மேதை சீனிவாச இராமானுஜனின் சரிதத்தை நோக்குதல், விடுதிகளில் வாழும் இளைஞராகிய நமக்குப் பெரும்பயன் தருவதாகும்.

இராமானுஜன் 1887 டிசெம்பர் 22ஆந் திகதி ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் புடைவைக் கடையொன்றிற் கணக்கெழுதுபவர், தாயார் கோமளத்தம்மாள். கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையாற் கல்லூரிப் பரீட்சைகளில் தவறிய இவர், 1912இற் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் எழுதுவினைஞரானார். மறு வருடம் இவர் அனுப்பிய தேற்றங்களைக் கண்டு வியந்த கேம்பிறிட்ஜ் அறிஞர் ஹார்டி, இவரை இங்கிலாந்துக்கு அழைத்தார். கடல் கடத்தல் ஆசாரத்துக்கு மாறென்று தடுத்த தாயார், நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் இட்ட ஆணையால் மனமிசைந்தார் என்பர். 1914 மார்ச் 17இல் இராமானுஜன் கப்பலேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த உபகாரச் சம்பளம் ஆண்டுக்கு 250 பவுண். அதில் 50 பவுண் பெற்றோரைச் சேர ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது.

ஆரம்பத்திற் கடிதங்கள் தவறாது வந்தன. அவ்வாண்டே மகாயுத்தம் மூண்டது. தாயார் கலங்குவாரென்றுணர்ந்த மகன், போர் நடப்பது அயல் நாட்டிலேயே என்றும், அது சென்னைக்கும் இரங்கூனுக்கும் உள்ள தூரமென்றும் எழுதித் தேற்றினார். ஆனால் நண்பர்க்கு எழுதியபோதோ, போரினால் அறிஞரின் கவனம் சிதறியதையும், தம் ஆராய்ச்சிகள் மெல்லவே அச்சேறுவதையும் மறைத்தாரல்லர். தாய்க்கு ஆறுதல், நண்பர்க்கு உண்மை என்று அவர் பேனா இருவழிப்பட்டது.

1916இற் பட்டம் கிடைத்தது. ஆயினும் குளிரும், மரக்கறி உணவுத் தட்டுப்பாடும், ஓய்வற்ற உழைப்பும் உடலை வாட்டின. 1917இல் நோய் பற்றியது. வைத்தியசாலை மாறி வைத்தியசாலையாக வாழ்வு கழிந்தது. வீட்டுக்கு எழுதுவதும் அருகிற்று. அங்கேயோ மாமிக்கும் மருமகளுக்கும் பிணக்கு. மனைவி ஜானகியின் கடிதங்கள் கணவரைச் சேராவண்ணம் தாயாரே தடுத்துவிட்டார் எனச் சரித்திரமெழுதியோர் கூறுவர். வீட்டாரின் மௌனத்துக்குக் காரணமறியாத மகன் தனிமையில் வெந்தார். 1918இன் தொடக்கத்தில் இலண்டன் சுரங்கப் புகையிரதப் பாதையில் உயிரை மாய்க்கவும் முனைந்து, தெய்வாதீனமாகத் தப்பினார். அவ்வாண்டிலேயே றோயல் சங்க அங்கத்துவமும், திறினிற்றிக் கல்லூரி அங்கத்துவமும் அவரை நாடி வந்தமை எத்துணை விந்தை!

1919 ஜனவரியிற் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிய கடிதம் நம் நெஞ்சை உருக்குவது. தமக்கு அளிக்கவிருந்த உதவிப்பணத்திற் பெற்றோர்க்குரிய 50 பவுணும் தம் செலவும் போக எஞ்சுவதை, ஏழை மாணவர், அநாதைகள் ஆகியோரின் கட்டணத்துக்கும் பாடசாலைப் புத்தகங்களுக்கும் செலவிடுமாறு வேண்டினார். மார்ச் மாதம் பம்பாயில் இறங்கியதும் தாயாரிடம் முதற்கண் கேட்டது, ஜானகி எங்கே என்பதே என்பர். 1920 ஏப்ரில் 26இல், முப்பத்திரண்டாம் வயதிற் சென்னையிற் காலமானார்.

இன்று கடிதத்தின் இடத்தைத் தொலைபேசி பிடித்துக்கொண்டது. எனினும் பிரிந்திருப்போர் உள்ளம் மாறவில்லை. பரீட்சைச் சித்தியையும் பரிசையும் வீட்டுக்கு அறிவித்தல் எளிது. பசியையும் நோயையும் தனிமையையும் அறிவித்தலே அரிது. அன்பினால் மறைக்கும் துன்பமும் ஈற்றில் அன்பு செய்தோரையே வருத்தும். ஆதலின் அயலூரிற் கற்கும் நாம் நலத்தோடு நலிவையும் வீட்டாருக்குச் சொல்வோமாக. வீட்டாரும் தம் பூசல்களைப் புறத்தே வைத்து, பிள்ளைக்கு வரும் சொல்லையும் பிள்ளையிடமிருந்து வரும் சொல்லையும் தடையின்றிச் செல்லவிடுவாராக. மேதைக்கும் வேண்டியிருந்தது வீட்டிலிருந்து ஒரு சொல்லே.